பின்ன வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு எந்த உருமாற்றம்?

பின்ன வரிசை வகைக்கெழு, அதாவது அரை, ஒன்றரை என்று முழு எண் அல்லாத தடவை வகையிடுவது, கொண்ட ஒரு சமன்பாடு கையில் இருக்கிறது. தொகையீட்டு உருமாற்றம் ஒன்றை வைத்துத் தீர்க்கலாம் என்று முடிவும் செய்தாகிவிட்டது. சரி, எந்த உருமாற்றம்? லாப்லாஸ், ஃபூரியர், மெல்லின் ஆகிய மூன்றும் பழையவை. சுமுது, எல்சாக்கி, அபூத், நேச்சுரல், ஷேஹு என்று 1990களிலும் அதற்குப் பிறகும் வந்தவற்றின் வரிசை இன்னும் நீளம். ஆய்வில் நுழையும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நானும் சுற்றியிருக்கிறேன். ஒரே சமன்பாட்டை நான்கு உருமாற்றங்களில் தீர்த்து, நான்கு தடவையும் ஒரே விடை வந்ததைக் கண்டு மகிழ்ந்ததுண்டு. ஏன் ஒரே விடை வந்தது என்று உட்கார்ந்து யோசித்த பிறகுதான் தேர்வு செய்யும் வழி பிடிபட்டது.

எல்லா உருமாற்றங்களும் போகும் வழியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வகைக்கெழுவைப் பெருக்கலாக மாற்றித் தருகின்றன. அந்தப் பாதி, எதில் செய்தாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இயற்கணிதத்தில் கிடைத்த விடையை மறுபடி நேரத்துக்கோ இடத்துக்கோ கொண்டுவரும்போதுதான் வேறுபாடு தெரியும். அதனால் மூன்று விஷயங்களைப் பார்த்துத் தேர்வு செய்கிறேன்: மாறி எந்த இடைவெளியில் ஓடுகிறது, வகைக்கெழுவுக்கு எந்த வரையறை, திரும்பி வரும் வழி எப்படி. மூன்றாவதுக்குத்தான் அதிக எடை.

வரையறை முதலில்

முழு எண் வரிசையில் வகைக்கெழு என்றால் ஒன்றுதான். பின்ன வரிசையில் அப்படி இல்லை. ரீமன்–லியூவில் வரையறை முதலில் தொகையீடு செய்து பிறகு வகையிடுகிறது. 1967-இல் கபூட்டோ தந்த வரையறை முதலில் வகையிட்டுப் பிறகு தொகையீடு செய்கிறது. இந்த வரிசை மாற்றம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு மாறிலியின் அரை வரிசை வகைக்கெழு கபூட்டோ முறையில் பூச்சியம். ரீமன்–லியூவில் முறையிலோ அது நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் ஒரு சார்பு.

உருமாற்றத்துக்குள் இது தொடக்க நிபந்தனையாக வந்து நிற்கும். கபூட்டோ வகைக்கெழுவை லாப்லாஸில் மாற்றினால் சார்பின் தொடக்க மதிப்பு, தொடக்க வேகம் போன்றவைதான் கேட்கப்படும். அளந்து சொல்லக்கூடியவை. ரீமன்–லியூவில் வகைக்கெழுவை மாற்றினால் தொடக்கத்தில் பின்ன வரிசைத் தொகையீட்டின் மதிப்பு என்ன என்று கேட்கும். அதை எந்தக் கருவியில் அளப்பது? சில இயற்பியல் சூழல்களில் அதற்குப் பொருள் சொல்ல முடியும் என்பது உண்மை. ஆனாலும் தொடக்க மதிப்பு தெளிவாகக் கொடுக்கப்பட்ட கணக்கு என்றால் கபூட்டோவையே எடுப்பேன். எந்த வரையறை என்று எழுதாமலேயே லாப்லாஸ் சூத்திரத்தைப் போட்டுத் தீர்த்த தாள்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அங்கே உருமாற்றம் எதுவாக இருந்தாலும் விடையை நம்ப வழியில்லை.

லாப்லாஸ்: ஏன் இங்கிருந்து தொடங்க வேண்டும்

மாறி நேரம், அது பூச்சியத்திலிருந்து முன்னோக்கி ஓடுகிறது, சமன்பாடு ஒருபடி, குணகங்கள் மாறிலிகள். இந்த நான்கும் பொருந்தினால் வேறெங்கும் போகவேண்டியதில்லை, லாப்லாஸ்தான்.

எளிய எடுத்துக்காட்டு, தளர்வுச் சமன்பாடு: ஒரு சார்பின் ஆல்ஃபா வரிசைக் கபூட்டோ வகைக்கெழு, அந்தச் சார்பின் எதிர்க்குறி மதிப்புக்குச் சமம்; தொடக்க மதிப்பு 1. ஆல்ஃபா 1 என்றால் விடை நமக்குப் பழகிய அடுக்குக்குறிச் சார்பு. ஆல்ஃபா 1-க்குக் கீழே இருந்தால், லாப்லாஸ் தளத்தில், அதாவது நேரத்துக்குப் பதில் எஸ் என்ற மாறி நிற்கும் இடத்தில், விடை ஒரு பின்னமாக வரும். தொகுதியில் எஸ்ஸின் ஆல்ஃபா கழித்தல் 1 அடுக்கு. பகுதியில் எஸ்ஸின் ஆல்ஃபா அடுக்குடன் 1. இதைத் திருப்பினால் கிடைப்பது மிட்டாக்-லெஃப்ளர் சார்பு. சுவீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்ளர் 1903-இல் இதை அறிமுகப்படுத்தியபோது பின்ன வகைக்கெழு அவர் நோக்கமே இல்லை. இன்று அது இந்தத் துறையின் அடுக்குக்குறிச் சார்பாக நிற்கிறது.

எண்களில் பார்ப்போம். ஆல்ஃபா அரை என்று வைத்தால் விடையைப் பிழைச் சார்பின் நிரப்பியைக் கொண்டே எழுதிவிடலாம். நேரம் 0.01 ஆகும்போது பின்ன விடை ஏறக்குறைய 0.896, சாதாரண விடை 0.990. நேரம் 1-இல் 0.428-உம் 0.368-உம். நேரம் 100-இல் பின்ன விடை இன்னும் 0.056-இல் நிற்கிறது, சாதாரண விடையோ பத்தின் கழித்தல் 44 அடுக்கு அளவுக்குக் கரைந்துவிட்டது. முதலில் வேகமாக விழுந்து, அப்புறம் விழவே மனமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. பின்ன மாதிரிகளை நாடுவதற்கே இந்த நீண்ட வால்தான் காரணம்.

லாப்லாஸை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது: அந்த வால் ஏன் வருகிறது என்பதை, திருப்பாமலேயே அது காட்டிவிடும். எஸ் பூச்சியத்தை நெருங்கும்போது உருமாற்றம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் போதும். நீண்ட நேரத்துக்குப் பிறகு விடை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம், அதாவது பையும் (π) நேரமும் பெருக்கியதன் வர்க்கமூலத்தில் ஒன்று, என்று உடனே கிடைக்கும். நேரம் 100-க்கு அது 0.0564. சரியான மதிப்பு 0.0561. நான்கு வரிக் கணக்கில் இவ்வளவு நெருக்கம்.

கலப்பெண் தளத்தில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஆல்ஃபா 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் முதன்மைத் தளத்தில் துருவமே (உருமாற்றம் முடிவிலியாகும் புள்ளி) இல்லை. எதிர் மெய்யச்சின் மேல் ஒரு கிளை வெட்டு (மதிப்பு சட்டென்று தாவும் கோடு) மட்டும். அந்த வெட்டுதான் வாலைத் தருகிறது. ஆல்ஃபா 1-ஐத் தாண்டி 2-க்குள் நின்றால் ஓர் இணைத் துருவச் சோடி எட்டிப்பார்க்கும். விடையில் தணியும் அலைவு சேர்ந்துகொள்ளும், வாலும் கூடவே இருக்கும். எந்த மாதிரியில் அலைவு வரும், எதில் வராது என்பதை இந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

கொஞ்சம் பெரிய கணக்குக்கும் இது தாங்கும். பாகுமை உள்ள திரவத்தில் மூழ்கிய தகட்டின் அசைவுக்கு டோர்விக்கும் பேக்லியும் 1984-இல் எழுதிய சமன்பாட்டில் இரண்டாம் வரிசை வகைக்கெழுவும் ஒன்றரை வரிசை வகைக்கெழுவும் சேர்ந்தே வருகின்றன. லாப்லாஸில் மாற்றி, எஸ்ஸின் வர்க்கமூலத்தைப் புது மாறி என்று எடுத்தால் பகுதியில் நிற்பது சாதாரண நான்காம்படிப் பல்லுறுப்புக்கோவை. மூலங்களைக் கண்டு பகுதி பின்னங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் அரை வரிசை மிட்டாக்-லெஃப்ளர் சார்பாகத் திரும்பும். வரிசைகள் எல்லாம் ஒரே பின்னத்தின் மடங்குகளாக இருந்தால் இந்த வழி நடக்கும். அப்படி அமையாவிட்டால் எண்முறையில்தான் திருப்ப வேண்டும்.

பலரும் சறுக்குவது அங்கேதான். மிட்டாக்-லெஃப்ளர் சார்புக்கு அழகான அடுக்குத் தொடர் இருக்கிறது. அதையே கணினியில் கூட்டிவிடலாம் என்று தோன்றும். மேலே சொன்ன அரை வரிசைக் கணக்கில் நேரம் 100-க்குக் கூட்டிப் பாருங்கள். தொடரின் 200-ஆவது உறுப்பு பத்தின் 42 அடுக்கு அளவுக்குப் பெருத்திருக்கும். இவ்வளவு பெரிய எண்கள் கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 0.056 மிஞ்ச வேண்டும். கணினியின் இரட்டைத் துல்லியத்தில் இருப்பதோ சுமார் 16 இலக்கம். வரும் எண் வெறும் குப்பை. திரையில் விரிந்து சிதறும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மாதிரி நிலையற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதிரியில் குற்றமில்லை, கூட்டிய விதத்தில்தான்.

அதற்குப் பதிலாக உருமாற்றத்தையே நேரடியாக எண்முறையில் திருப்புவது பாதுகாப்பு. 1970-இல் வந்த ஸ்டெஃபெஸ்ட் முறை மெய்யெண்களை மட்டும் கேட்கும், சில வரிகளில் எழுதிவிடலாம். சீராக இறங்கும் விடைகளுக்கு நல்லது. அலைவு இருந்தால் ஏமாற்றிவிடும். உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்குமேல் விடை மேம்படாமல் கெடத் தொடங்கும். 1979-இல் வந்த டால்பட் முறை, எதிர் மெய்யச்சைச் சுற்றி வளையும் ஒரு பாதையில் தொகையீடு செய்கிறது. நம் கிளை வெட்டு இருப்பதும் அதே அச்சில்தான் என்பதால் பின்னக் கணக்குகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பாதைக்கு வெளியே துருவம் விடுபட்டுவிட்டதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். மிட்டாக்-லெஃப்ளர் சார்பின் மதிப்பு மட்டும் போதும் என்றால், கராப்பா 2015-இல் வெளியிட்ட கணிப்புமுறையும் இதே சிந்தனையில் எழுந்ததுதான். நான் நம்பிப் பயன்படுத்துவது அது.

சுமுதுவும் அதன் பின்னால் வந்தவையும்

வட்டுகல 1993-இல் அறிமுகம் செய்த சுமுது உருமாற்றத்துக்குப் பெயர் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. மென்மையானது என்று பொருள். அதன் சூத்திரத்தை லாப்லாஸ் சூத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாப்லாஸில் எஸ் இருக்கும் இடத்தில் சுமுதுவின் மாறியான யூவின் தலைகீழியை வைத்து, முழுவதையும் யூவால் வகுத்தால் சுமுது வந்துவிடும். எல்சாக்கி உருமாற்றத்தில் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்க வேண்டும். அபூத்தில் எஸ் அப்படியே இருக்க, முன்னால் எஸ்ஸால் வகுக்க வேண்டும். நேச்சுரல் உருமாற்றத்தில் இரண்டு அளவுருக்கள். ஒன்றை 1 ஆக்கினால் லாப்லாஸ், மற்றதை 1 ஆக்கினால் சுமுது. 2019-இல் வந்த ஷேஹுவும் அதே குடும்பம். எஸ்ஸுக்குப் பதில் இரண்டு அளவுருக்களின் விகிதம்.

என் நான்கு விடைகளும் ஒன்றாக வந்தது இதனால்தான். நான் தீர்த்தது ஒரே வழியில், எழுத்தை மாற்றி எழுதி. லாப்லாஸ் இல்லாத இடத்தில் இவற்றில் எதுவும் உயிரோடு இருக்காது. லாப்லாஸுக்குத் திருப்ப முடியாத சார்பை இவற்றாலும் திருப்ப முடியாது. கிளை வெட்டு வேறு இடத்தில் வேறு வடிவில் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் சுமுதுவைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் மாறிலியின் உருமாற்றம் அதே மாறிலி. நேரத்தின் ஓர் அடுக்கு, காமா சார்பால் (காரணியப் பெருக்கத்தை முழு எண் அல்லாதவற்றுக்கும் நீட்டியது) பெருக்கப்பட்ட யூவின் அதே அடுக்காகவே மாறுகிறது. யூவுக்கும் நேரத்தின் அலகுதான். தளர்வுச் சமன்பாட்டை இதில் எழுதினால் விடை, ஒன்றின் கீழே ஒன்று கூட்டல் யூவின் ஆல்ஃபா அடுக்கு. பெருக்குத் தொடராக விரித்து, ஒவ்வொரு உறுப்பையும் உரிய காமா மதிப்பால் வகுத்தால் மிட்டாக்-லெஃப்ளர் தொடர் கண்முன் வந்து நிற்கும். தொடர் எங்கிருந்து பிறக்கிறது என்று கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பரிமாணச் சரிபார்ப்பும் எளிது. இந்த வசதி முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. லாப்லாஸை எஸ்ஸால் பெருக்கும் லாப்லாஸ்–கார்சன் வடிவத்தில் இது முன்பே இருந்தது. ஹெவிசைடு 1890களில் அரை அடுக்கு இயக்கிகளைக் கையாண்டதும் அதே வடிவத்தில்தான்.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவரிடம் நான் சொல்வது இதுதான்: பெயர் புதிது என்பதற்காக ஓர் உருமாற்றத்தை எடுக்காதீர்கள். அதைவிட, விட்டுப்போன ஒரு கணக்கின் நீண்ட நேர நடத்தையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் உழைப்பு அதில் போவது நல்லது.

ஃபூரியர்: தொடக்கமே இல்லாத இடத்தில்

மாறி இரு பக்கமும் முடிவில்லாமல் நீண்டால் லாப்லாஸ் பொருந்தாது. முடிவிலா கோட்டின் மேல் பரவல் நடக்கிறது என்றால் இடத்துக்கு ஃபூரியர்தான். அதிலும் ரீஸ் வகைக்கெழு ஃபூரியருக்காகவே செய்தது போன்றது: ஆல்ஃபா வரிசை என்றால் அலையெண்ணின் தனிமதிப்பின் ஆல்ஃபா அடுக்கால் பெருக்கி எதிர்க்குறி போட வேண்டும், அவ்வளவே. அதை வைத்துப் பரவல் சமன்பாட்டைத் தீர்த்தால் லெவி நிலைப் பரவல்கள் கிடைக்கின்றன. ஆல்ஃபா 2-இல் காஸ் வளைவு, 1-இல் கோஷி வளைவு. நடுவில் இருப்பவற்றுக்குப் பொதுவாக எளிய சூத்திரம் இல்லை. வேக ஃபூரியர் கணிப்பால் திருப்பிக்கொள்ளலாம்.

நேரத்துக்கும் ஃபூரியர் பொருந்தும் ஓர் இடம் உண்டு. ஒரு பொருளை நெடுங்காலமாக அதிரவிட்டு, தொடக்கத்தின் நினைவு எல்லாம் போன பிறகு அது எப்படி இசைகிறது என்று பார்க்கும் கணக்கு. பூச்சியத்தில் தொடங்கும் பின்ன வகைக்கெழு, சைன் அலையை மீண்டும் சீரான அலையாகத் தராது. தொடக்கத்தின் நினைவு ஒட்டிக்கொண்டே இருக்கும். கீழெல்லையை எதிர் முடிவிலிக்குத் தள்ளிவிட்டால், சைன் அலை சைன் அலையாகவே வரும். கட்டம் மட்டும் ஆல்ஃபா மடங்கு செங்கோணம் முன்னால் நகரும். பிசுக்கு மீள்தன்மைப் பொருட்களின் அதிர்வெண் சோதனைகளுக்கு இது போதும். தொடக்க நிபந்தனையும் தேவையில்லை.

நேரத்தில் பின்ன வரிசையும் இடத்தில் இரண்டாம் வரிசையும் இருந்தால் லாப்லாஸ், ஃபூரியர் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இங்கே எதை முதலில் திருப்புவது என்பதே தனித் தேர்வு. லாப்லாஸை முதலில் திருப்பினால் மிட்டாக்-லெஃப்ளர் வரும். அதன் ஃபூரியர் நேர்மாறு சிரமம். ஃபூரியரை முதலில் திருப்பினால் எளிய அடுக்குக்குறிச் சார்பு வரும். அதிலிருந்து, அடுக்குத் தொடரால் வரையறுக்கப்படும் ரைட் சார்பு ஒன்றுக்குப் போகலாம். வடிவம் வேண்டுமானால் இரண்டாவது வழியே எனக்குச் சுகம். சராசரி பரவல் அளவு மட்டும் வேண்டுமானால் எதையும் முழுதாகத் திருப்ப வேண்டாம். அலையெண் பூச்சியத்தின் அருகே விரித்தால், இடப்பெயர்ச்சி வர்க்கத்தின் சராசரி நேரத்தின் ஆல்ஃபா அடுக்கைப் போல வளர்கிறது என்று உடனே தெரியும். பரவல் குணகம் 1, நேரம் 100 என்றால் சாதாரணப் பரவலில் அது 200; அரை வரிசையில் சுமார் 22.6.

மெல்லின்: எப்போதாவது, ஆனால் அப்போது வேறு வழியில்லை

குணகங்கள் மாறிலிகளாக இல்லாமல், ஆல்ஃபா வரிசை வகைக்கெழுவின் முன்னால் நேரத்தின் ஆல்ஃபா அடுக்கு நிற்கும் ஆய்லர் வகைச் சமன்பாட்டை லாப்லாஸில் போட்டுப் பாருங்கள். நேரத்தின் பின்ன அடுக்கால் பெருக்குவது அங்கே எஸ்ஸைப் பொறுத்த பின்ன வகைக்கெழுவாக மாறும். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம். மெல்லினில் அதே சேர்க்கை இரண்டு காமா சார்புகளின் விகிதத்தால் பெருக்குவதாக முடிந்துவிடுகிறது. நேரத்தின் மடக்கையைக் கொண்டு வரையறுக்கும் ஹடமார்டு வகைக்கெழு என்றால் இன்னும் எளிது, வெறும் அடுக்கு. அளவை நீட்டினாலும் சுருக்கினாலும் மாறாத கணக்குகளின் இயல்பான இடம் இது.

ஆனால் மெல்லின் கவனக்குறைவை மன்னிக்காது. எந்தச் செங்குத்துப் பட்டையில் உருமாற்றம் ஒருங்குகிறது என்பதும் விடையின் ஒரு பகுதி. காமா சார்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பகுதி பூச்சியத்தைவிடப் பெரிதாக உள்ள பட்டையில் திருப்பினால் எதிர் அடுக்குக்குறிச் சார்பு. கழித்தல் 1-க்கும் 0-க்கும் நடுப்பட்டையில் திருப்பினால் அதிலிருந்து 1 குறைந்த சார்பு. ஒரே சூத்திரம், இரண்டு விடைகள். இதற்கு ஈடாக, பட்டைக்கு இடப்பக்கத் துருவங்களின் எச்சங்கள் சிறிய நேர விரிவையும், வலப்பக்கத்தவை பெரிய நேர விரிவையும் தருகின்றன.

உருமாற்றத்தையே விட வேண்டிய இடம்

அறியாத சார்பின் வர்க்கமோ பெருக்கமோ சமன்பாட்டில் வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நேராக உதவாது. பெருக்கத்தின் உருமாற்றம் உருமாற்றங்களின் பெருக்கம் இல்லை. உருமாற்றத்தோடு அடோமியன் பிரிப்பையோ ஹோமோடோப்பி முறையையோ சேர்த்து நான்கைந்து உறுப்புத் தொடர் எழுதும் வழி மிகப் பரவலாக இருக்கிறது. தொடக்கத்தின் பக்கத்தில் அது நல்ல தோராயம். தொலைவில் அதை நம்புவதற்கு ஆதாரம் கிடையாது. பின்னச் சமன்பாட்டின் உயிரே அந்த நீண்ட வாலில் இருக்கும்போது, தொடக்கத்தை மட்டும் காட்டும் விடையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. டீதெல்ம், ஃபோர்டு, ஃப்ரீட் மூவரும் 2002-இல் வெளியிட்ட முன்கணிப்பு–திருத்த முறை இங்கே நேர்மையான தேர்வு. கடந்தகாலம் முழுவதையும் ஒவ்வொரு படியிலும் கூட்ட வேண்டியிருப்பதால், சாதாரணமாக எழுதினால் படிகள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்.

அப்போதும் லாப்லாஸைக் கைவிட வேண்டாம். உங்கள் நிரலைச் சோதிக்க அது வேண்டும். பேக்லி–டோர்விக் சமன்பாட்டில் எல்லாக் குணகங்களையும் 1 ஆக்கி, வலப்பக்கத்தில் நேரம் கூட்டல் 1, தொடக்க மதிப்பும் தொடக்க வேகமும் 1 என்று கபூட்டோ முறையில் எழுதுங்கள். லாப்லாஸில் இரு பக்கமும் ஒரே காரணி வெட்டுப்பட்டு, விடை நேரம் கூட்டல் 1 என்றே நிற்கும். நிரல் இந்த நேர்கோட்டைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தளர்வுச் சமன்பாட்டை நேரம் 100 வரை ஓட்டி, 0.0561 வருகிறதா என்று பாருங்கள்.